நாலு கணினி, நாலு வேகம்: ஓடும்போதே அளந்து வேலை பங்கிடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சியில் ஏ9 வீதியை விட்டு உள்ளே இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் அறை இருக்கிறது. உள்ளே நாலு கணினிகள். மூன்று ஓரளவு புதியவை, ஒன்று யாரோ கழித்துவிட்ட பழசு. பழைய கோயில் சிறப்பு மலர்கள், பாடசாலை ஆண்டு மலர்கள், பத்திரிகைகள் எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணி, டெசரக்ட் என்ற இலவச மென்பொருளால் எழுத்தாக மாற்றுகிறோம். ஒரு பக்கத்துக்கும் மற்றப் பக்கத்துக்கும் தொடர்பில்லை, எந்தக் கணினியும் எந்தப் பக்கத்தையும் செய்யலாம். ஒரு வேலையைப் பிரித்துப் பல கணினிகளில் ஒரே நேரத்தில் செய்யும் இணைச் செயலாக்கம் பழகுவதற்கு அச்சொட்டான வேலை.

அறிவியல் நகரில் பொறியியல் படிக்கிற பிள்ளைகளும், பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறவர்களும் வரும்போதெல்லாம் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். திரும்பத் திரும்பச் சொல்லிக் களைத்ததால் எழுதிவைக்கிறேன்.

பக்கங்களை நாலு சம பங்காகப் பிரித்துக் கொடுத்தால் போதாதா?

நாலும் ஒரே வேகம் என்றால் போதும். எங்கள் அறையில் அப்படி இல்லை. ஒரு கணக்குப் பார்ப்போம். 400 பக்கம் இருக்கிறது. புதிய கணினிக்கு ஒரு பக்கம் 2 செக்கன், பழசுக்கு 8 செக்கன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 100 கொடுத்தால் புதியவை மூன்றும் 200 செக்கனில் முடித்துவிட்டுச் சும்மா நிற்கும். பழசு 800 செக்கன் இழுக்கும். வேலை முடிந்தது என்று நாங்கள் சொல்வது கடைசி ஆள் முடிக்கும்போதுதான், ஆகவே 13 நிமிடம் 20 செக்கன்.

நாலும் கடைசிவரை சும்மா நிற்காமல் ஓடினால்? புதியவை ஒவ்வொன்றும் செக்கனுக்கு அரைப் பக்கம், பழசு செக்கனுக்கு எட்டில் ஒரு பக்கம். மொத்தம் செக்கனுக்கு 1.625 பக்கம். 400 பக்கமும் கிட்டத்தட்ட 246 செக்கனில், அதாவது நாலு நிமிடத்துக்குச் சற்றுக் கூட எடுத்து முடிந்துவிடும். அதே கணினிகள், அதே பக்கங்கள். பங்கிட்ட விதம் மட்டும்தான் வேறு.

அப்படியென்றால் முதலே வேகத்தை அளந்து, அதற்கேற்பப் பிரித்துவிடலாமே?

நானும் அதைத்தான் செய்தேன். காலை ஏழு மணிக்கு அளந்தேன். சித்திரை மாதம். மத்தியானம் இரண்டு மணிக்குத் தகரக் கூரைக்குக் கீழே லெப்டொப்புக்கு உடம்பு கொதித்து, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அது தானாக வேகத்தைக் குறைத்துவிட்டது. காலையில் போட்ட கணக்கு காலைக்கு மட்டும்தான் சரி.

கணினியை விட்டாலும் பக்கங்கள் ஒரே மாதிரி இல்லை. கோயில் மலரில் ஒரு நகைக்கடை விளம்பரப் பக்கத்தில் பத்துச் சொல் இருக்கும். பழைய பத்திரிகையின் ஒரு பக்கத்தில் எட்டுப் பத்தி, ஓரம் கிழிந்து, மை ஊறி இருக்கும். இரண்டுக்கும் ஒரே நேரம் எப்படி வரும்? இதற்கிடையில் யாராவது வந்து ஒரு கணினியில் படிவம் நிரப்பத் தொடங்குவார்கள். இவை எதுவும் ஓடவிட முன்னர் தெரியாது. அதனால்தான் ஓடும்போதே அளக்கிறோம். ஓடும்போது கிடைக்கும் செய்தியை வைத்து அடுத்த பங்கை முடிவெடுப்பதைத்தான் பின்னூட்டம் என்கிறோம்.

இதில் பின்னூட்டம் என்பது எது?

மிகச் சின்னப் பின்னூட்டம் இது: "நான் முடித்துவிட்டேன், அடுத்ததைத் தா." இதில் ஒரு செக்கனைக்கூட யாரும் அளப்பதில்லை. வேலைகள் எல்லாம் ஒரே கியூவில் நிற்கும், எந்தக் கணினி முடிக்கிறதோ அது அடுத்ததை எடுக்கும். வங்கியில் ஒரே கியூவும் நாலு கவுண்டரும் இருப்பதுபோல. மெதுவான கவுண்டர் தானாகவே குறைந்த ஆட்களைப் பார்க்கும்.

இதைக் குறைவாக நினைக்காதீர்கள். ரொனால்ட் கிரஹாம் என்ற கணித அறிஞர் 1966 இல் இதற்கு நிறுவல் கொடுத்தார். ஒரே வேகமான கணினிகளும், ஒன்றையொன்று காத்திராத வேலைகளும் இருந்தால், எந்த ஒழுங்கில் எடுத்தாலும் இந்த முறை எடுக்கும் நேரம் ஆகச் சிறந்த பங்கீட்டின் இரண்டு மடங்கைத் தொடாது. ஒன்றுமே தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டு பங்கிடும் முறைக்கு இது பெரிய உத்தரவாதம். நான் கேட்டால் எல்லோரும் இங்கே தொடங்குங்கள், பலருக்கு இதற்கு மேல் தேவைப்படாது.

அந்த இரண்டு மடங்கு எங்கிருந்து வருகிறது? பெரிய வேலையை முதலில் கொடுக்கவேண்டுமா?

ஆம். ஒரே வேகத்தில் நாலு கணினி. ஒரு நிமிடப் பக்கங்கள் 12, நாலு நிமிடப் பத்திரிகைப் பக்கம் ஒன்று. பத்திரிகைப் பக்கம் கடைசியில் நின்றால், முதல் மூன்று நிமிடத்தில் 12 சின்னப் பக்கங்களும் முடியும். பிறகு ஒரு கணினி நாலு நிமிடம் பாடுபட, மற்ற மூன்றும் வாய் பார்த்துக்கொண்டு நிற்கும். மொத்தம் 7 நிமிடம். அதையே முதலில் கொடுத்தால் ஒன்று அதைச் செய்ய, மற்ற மூன்றும் ஆளுக்கு நாலு சின்னப் பக்கம் செய்யும். மொத்தம் 4 நிமிடம்.

பெரியதை முதலில் எடுத்தால் ஆகச் சிறந்ததைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நேரம் கூடாது என்று அதே கிரஹாம் 1969 இல் காட்டினார். ஆனால் எது பெரியது என்று எப்படித் தெரியும்? படக் கோப்பின் அளவைப் பார்த்து ஊகிக்கலாம். அது பாதி சரி, பாதி பிழை. முழுப்பக்கப் புகைப்படம் பெரிய கோப்பு, ஆனால் எழுத்து ஒன்றும் இல்லை என்பதால் டக்கென்று முடிந்துவிடும். இங்கேதான் பின்னூட்டம் உதவுகிறது. ஒரு மலரில் முதல் இருபது பக்கம் ஓடியதும் அந்த மலருக்குப் பக்கமொன்றுக்கு எவ்வளவு போகிறது என்று கையில் இருக்கும். மிச்சத்தை அதை வைத்து ஒழுங்குபடுத்தலாம்.

ஒவ்வொரு பக்கமாக வந்து கேட்டால் அலைச்சல்தானே? கட்டாகக் கொடுத்தால் என்ன?

அலைச்சல் உண்மைதான். கேட்பது, கோப்பை வைஃபையில் இழுப்பது, நிரலைத் தொடங்குவது எல்லாம் நேரம். வேலை அரைச் செக்கனும் அலைச்சல் அரைச் செக்கனும் என்றால் பாதி நாள் நடையிலேயே போய்விடும். கட்டைப் பெரிதாக்கினால் அலைச்சல் குறையும், கடைசியில் சமநிலை கெடும்.

இதற்கு ஒரு பழைய வழி, மிச்சமிருக்கும் வேலையைக் கணினிகளின் எண்ணிக்கையால் பிரித்து அந்த அளவைக் கொடுப்பது. தொடக்கத்தில் பெரிய கட்டு, போகப்போகச் சின்னக் கட்டு. பொலிக்ரொனொபொலஸ், குக் இருவரும் 1987 இல் முன்வைத்தார்கள். ஒரு நிரலை ஒரே கணினிக்குள் இணையாக ஓடவைக்கும் ஓப்பன்எம்பியில் கைடட் என்று இருப்பது இந்த வழிதான். அழகான யோசனை. ஆனால் எங்கள் அறையில் முதலில் வந்து கேட்பது பழசு என்றால், 400 ஐ நாலால் பிரித்து 100 பக்கத்தை அள்ளிக்கொண்டு போய்விடும். மறுபடியும் அதே 800 செக்கன்! 1992 இல் வந்த ஃபக்டரிங் என்ற முறை கொஞ்சம் கவனமானது. மிச்சத்தில் பாதியை மட்டும் ஒரு சுற்றுக்கு எடுத்து, அதை நாலாகப் பிரிக்கும். பழசுக்கு முதல் 50 தான் போகும். அதற்கும் 400 செக்கன் வேண்டும்.

இரண்டுமே எத்தனை பக்கம் என்று எண்ணுகின்றன, யார் எடுக்கிறார் என்று பார்ப்பதில்லை. நான் இப்போது பக்கத்தை எண்ணுவதில்லை, நேரத்தைத்தான் கட்டாகக் கொடுக்கிறேன். ஒவ்வொருவருக்கும் பத்துச் செக்கனுக்குப் போதுமான வேலை: பக்கத்துக்கு 2 செக்கன் எடுப்பவருக்கு 5, 8 செக்கன் எடுப்பவருக்கு 1. முதல் கட்டு எல்லோருக்கும் ஒரே ஒரு பக்கம், அது வேகம் பார்க்க. பைதனில் ஜொப்லிப் என்ற இணைச் செயலாக்க நூலகத்தைப் பாவிப்பவர்களுக்கு இது தெரியாமலே நடக்கிறது. ஒரு கட்டு 0.2 செக்கனுக்குக் குறைவாகவோ 2 செக்கனுக்குக் கூடவோ போனால் அது தானாகவே கட்டின் அளவை மாற்றிக்கொள்ளும்.

நேரத்தை அளப்பதில் என்ன கஷ்டம்? தொடங்கியதையும் முடிந்ததையும் கழித்தால் சரிதானே?

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒருநாள் காலையில் பதிவேட்டைத் திறந்தால், பழைய கணினியில் ஒரு பக்கத்துக்குப் போன நேரம் 44 கோடி செக்கன் என்று கிடக்கிறது. கணக்குப் போட்டால் 14 வருசம்.

நடந்தது இதுதான். இரவு கரண்ட் போய் வந்திருக்கிறது. பழைய கணினியின் மதர்போர்ட்டில் இருக்கிற சின்ன வட்ட பற்றரி எப்போதோ செத்துவிட்டது, அதனால் கரண்ட் வந்ததும் அது 2010 ஆம் ஆண்டில் கண்விழித்தது. ரவுட்டர் எழும்ப முதல் ஒரு பக்கத்தைத் தொடங்கிவிட்டது. ரவுட்டர் வந்ததும் இணையத்தில் நேரம் கேட்டு, கடிகாரத்தை 2024 க்குத் தள்ளியது. பக்கம் முடிந்தது. முடிந்ததில் தொடங்கியதைக் கழித்தால் 14 வருசம்.

பிழையான எண் ஒன்று வருவது பெரிய விசயமில்லை. எனது நிரல் அந்த எண்ணைச் சராசரியில் சேர்த்து, "இந்தக் கணினி உதவாது" என்று முடிவெடுத்து, அதற்கு வேலை கொடுப்பதையே நிறுத்திவிட்டது. வேலை கொடுக்காததால் புதிய அளவீடு ஒன்றும் வரவில்லை. புதிய அளவீடு வராததால் அபிப்பிராயம் மாறவில்லை. பாவம், இரவு முழுக்கச் சும்மா சூடாகிக்கொண்டு இருந்திருக்கிறது. ஊரில் ஒருவரைப் பற்றி ஒரு கதை வந்துவிட்டால் அவரிடம் போய் யாரும் ஒன்றும் கேட்காமல் விடுவதுபோலத்தான்.

மூன்றைத் திருத்தினேன். ஒன்று, சுவர்க் கடிகாரத்தை விட்டுவிட்டு, முன்னோக்கி மட்டும் ஓடும் மொனொடோனிக் கடிகாரத்துக்கு மாறினேன். பைதனில் 3.3 பதிப்பில் இருந்து அது இருக்கிறது. ஒரு கணினியின் மொனொடோனிக் எண்ணை மற்றக் கணினியின் எண்ணோடு கழிக்கக்கூடாது, தொடக்கமும் முடிவும் ஒரே கணினியில் எடுத்ததாக இருக்கவேண்டும். இரண்டு, சராசரிக்குப் பதில் இடையம், அதாவது எண்களை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண். ஒரு பைத்தியக்கார எண் இடையத்தை அசைக்காது. மூன்று, எவ்வளவு மோசம் என்று பெயர் எடுத்த கணினிக்கும் இடைக்கிடை ஒரு பக்கம் கொடுத்துப் பார்ப்பது. மூன்றாவதுதான் முக்கியம் என்பது என் எண்ணம்.

பற்றரி? அதையும் மாற்றினேன்.

ஒரு கணினி மெதுவாகிறது என்று கண்டதும் உடனே பங்கைக் குறைக்கலாமா?

இரணைமடுக் குளத்தை நினைத்துப் பாருங்கள். துருசைத் திறந்த உடனே கடைசி வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேராது, வாய்க்கால் நெடுக ஓடிப் போகவேண்டும். கடைசி வயல்காரர் "தண்ணி வரேல்லை" என்று சொன்னதும் இன்னும் திறந்து, அவர் "போதும்" என்றதும் உடனே மூடிக்கொண்டு இருந்தால், ஒருநாள் வயல் மூழ்கும், மறுநாள் காயும். அவர் சொல்வது இப்போதைய தண்ணீரைப் பற்றி. அந்தத் தண்ணீர் துருசை விட்டு வெளிக்கிட்டது எப்போதோ.

பதிவேட்டில் வரும் எண்ணும் அப்படித்தான். அது முடிந்துபோன வேலையின் எண். அந்தப் பக்கம் கடினமாக இருந்ததா, கணினி களைத்துப்போனதா என்று ஒரு எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. அதனால் பழைய மதிப்பீட்டில் எட்டில் ஏழு பங்கும், புதிய அளவீட்டில் எட்டில் ஒரு பங்கும் சேர்த்து அடுத்த மதிப்பீட்டை எடுக்கிறேன். மதிப்பீடு 2 செக்கன், வந்த பக்கம் 10 செக்கன் என்றால் புதிய மதிப்பீடு 3 செக்கன். ஒரேயடியாக 10 க்குப் பாயாது. உண்மையிலேயே கணினி மெதுவாகியிருந்தால் அடுத்தடுத்த பக்கங்கள் அதை மேலே இழுக்கும். இந்த எட்டில் ஒன்று என் கண்டுபிடிப்பு இல்லை. இணையப் பொதிகள் போய்வரும் நேரத்தைக் கணிக்க வான் ஜேக்கப்சன் 1988 இல் எழுதிய முறையில் இருக்கும் எண் அது.

இடையம் என்றீர்களே, இப்போது இது என்ன என்று கேட்பீர்கள். கடைசி ஐந்து பக்கத்தின் இடையத்தை எடுத்து, அதைத்தான் இந்தக் கலவைக்குள் போடுகிறேன்.

ஒரு கணினியில் ஒரே நேரத்தில் எத்தனை பக்கம் ஓடவிடுவது?

செயலிக்குள் தனித்தனியாக வேலை செய்யும் கோர் எத்தனையோ அத்தனை என்று எல்லோரும் சொல்வார்கள். டெசரக்ட் விசயத்தில் அதில் ஒரு பொறி இருக்கிறது. அது ஒரு பக்கத்தையே உள்ளுக்குள் தானே நாலு திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் இழைகள்) வரை பிரித்து ஓடும். நாலு கோரில் நாலு பக்கம் ஓடவிட்டால் 16 திரெட் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். ஓஎம்பி திரெட் லிமிட் என்ற சூழல் மாறியை (நிரல் தொடங்கும்போது பார்த்துக்கொள்ளும் அமைப்பை) 1 என்று வைத்துவிட்டு ஓடவிடுங்கள். பெரிய பங்கீட்டு நுட்பம் எதுவும் செய்ய முதல் இதைச் செய்யுங்கள்.

அதன்பிறகு நினைவகம். பெரிய பத்திரிகைப் பக்கங்கள் மூன்று ஒன்றாக வந்தால் 4 ஜிபி கணினி டிஸ்க்கைத் தேய்க்கத் தொடங்கும், அதற்குப் பிறகு ஒன்றும் நகராது. பல வேலைகளை ஒரே நேரத்தில் ஓடவிடும் இலவச மென்பொருளான க்னூ பேரலலைப் பாவித்தால் மெம்ஃப்ரீ என்ற தெரிவு இருக்கிறது. குறித்த அளவு நினைவகம் மிச்சம் இல்லாவிட்டால் புதிய வேலையைத் தொடங்காது, அதில் பாதிக்கும் கீழே போனால் கடைசியாகத் தொடங்கியதைக் கொன்று கியூவில் திரும்பப் போடும். எத்தனை வேலை என்பதை ஒரு கோப்பில் எழுதி அந்தக் கோப்பின் பெயரைக் கொடுத்தால், ஓடிக்கொண்டிருக்கும்போதே எண்ணை மாற்றலாம். ஒவ்வொரு வேலை முடியும்போதும் அது கோப்பைத் திரும்பப் பார்க்கும். யாராவது படிவம் நிரப்ப வந்தால் 4 ஐ 2 ஆக்கிவிட்டு எழும்பி இடம் கொடுப்பேன்.

கடைசிப் பக்கம் ஒன்று தொங்கிக்கொண்டு நிற்கிறது. என்ன செய்யலாம்?

சும்மா நிற்கும் கணினியிடம் அதே பக்கத்தைத் திரும்பக் கொடுங்கள். எது முதல் முடிக்கிறதோ அதை எடுத்துக்கொண்டு மற்றதை நிறுத்துங்கள். பெரிய தரவைப் பல கணினிகளுக்குப் பிரித்துச் செய்யும் கூகுளின் மேப்ரெடியூஸ் முறை பற்றி 2004 இல் வெளியான கட்டுரையில் இதைக் காப்பு வேலை என்று சொல்லியிருக்கிறார்கள். அதை நிறுத்திவிட்டுத் தரவு வரிசைப்படுத்தியபோது 44 சதவீதம் கூட நேரம் எடுத்ததாம். அவர்களிடம் இருந்தது ஆயிரக்கணக்கான கணினி, எங்களிடம் நாலு. ஆனாலும் கடைசியில் ஒன்று இழுப்பது எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

ஒரு எச்சரிக்கை: இரண்டு கணினியும் ஒரே வெளியீட்டுக் கோப்பில் எழுத விடாதீர்கள். ஆளுக்கொரு தற்காலிகப் பெயரில் எழுதி, முடிந்தபின் பெயரை மாற்றவேண்டும். எவ்வளவு தாமதித்தால் தொங்கல் என்று எடுப்பது? செக்கனில் எல்லை வைக்காமல், முடிந்த வேலைகளின் இடையத்தின் மூன்று மடங்கு என்று வையுங்கள். க்னூ பேரலலில் டைம்அவுட் என்ற நேர எல்லையைச் சதவீதமாகக் கொடுத்தால் அது இடையத்தை வைத்துத்தான் கணக்குப் பார்க்கிறது.

வேலை திருடுதல் என்று பாடத்தில் வருகிறது. அது இதுதானா?

இது இல்லை, ஆனால் பக்கத்து வீடு. அங்கே நடுவில் ஒரு கியூ இல்லை, ஒவ்வொருவருக்கும் சொந்தக் கியூ. தன்னுடையது முடிந்தவர் இன்னொருவரின் கியூவில் கைவைப்பார். சொந்தக்காரர் ஒரு முனையில் எடுக்க, திருடுபவர் மறுமுனையில் எடுப்பதால் இருவரும் அநேகமாக முட்டிக்கொள்வதில்லை. அரிவி வெட்டில் தன் துண்டு முடிந்தவர், பக்கத்துக்காரரின் துண்டில் மறு வரம்பில் இருந்து வெட்டிக்கொண்டு வருவதை நினையுங்கள். எம்ஐடியில் உருவான சில்க் என்ற மொழி இதில்தான் ஓடியது, 1994 இல் புளூமோஃப், லைசர்சன் இருவரும் இதற்கு நிறுவல் கொடுத்தார்கள். ஒரே கணினிக்குள் பல கோர்களுக்கு மிக நன்று. வைஃபையில் கோப்பை இழுத்துத் திருடுவது எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை.

ஓப்பன்எம்பியில் ரன்டைம் என்று போட்டால் இந்த அளவீடு எல்லாம் தானாக நடக்குமா?

நடக்காது. பெயரைப் பார்த்து ஏமாறவேண்டாம். எந்த முறையைப் பாவிப்பது என்பதை ஓடத் தொடங்கும்போது சூழல் மாறியில் பார்த்துக்கொள் என்பதுதான் அதன் பொருள்.

கரண்ட் போனால் எல்லாம் முதலில் இருந்தா?

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்த காலத்தைக் கண்டவர்களுக்கு இந்தக் கேள்வியின் அருமை தெரியும். நேரம் அளப்பதற்காக வைத்த பதிவேடு இங்கேயும் கைகொடுக்கிறது. க்னூ பேரலலின் ஜொப்லொக் என்ற பதிவேட்டில் வேலைக்கு ஒரு வரி: எந்தக் கணினி, எப்போது தொடங்கியது, எத்தனை செக்கன், சரியாக முடிந்ததா. ரிசியூம் என்று சேர்த்து அதே கட்டளையைத் திரும்பக் கொடுத்தால் பதிவான வேலைகளை விட்டுவிட்டு மிச்சத்தில் இருந்து போகும். பாதியில் செத்த பக்கத்துக்கு வரி இல்லை, ஆகவே அது திரும்ப ஓடும். தோற்றதாகப் பதிவானவற்றையும் திரும்ப ஓட்ட வேண்டும் என்றால் ரிசியூம்-ஃபெயில்ட் என்று கொடுக்கவேண்டும்.

கரண்ட் வந்தபிறகு பழைய வேக மதிப்பீடுகளை நம்பாதீர்கள். எல்லோருக்கும் ஒரு பக்கம் கொடுத்துப் புதிதாகத் தொடங்குவேன்.

அண்ணை, இன்னும் நாலு கணினி வாங்கினால் இரண்டு மடங்கு வேகம் வருமா?

1967 இல் ஜீன் அம்டால் என்ற கணினி வடிவமைப்பாளர் சொன்ன கணக்கு இதற்குப் பதில். மொத்த வேலையில் பத்தில் ஒரு பங்கு பிரிக்க முடியாதது என்றால், நாலு கணினியில் 3.1 மடங்கு வேகம்தான் வரும், எட்டில் 4.7 மடங்கு. எத்தனை ஆயிரம் வாங்கினாலும் 10 மடங்கைத் தாண்டாது. எங்கள் அறையில் அந்தப் பிரிக்க முடியாத பங்கு பத்தில் ஒன்றைவிடக் கூட. ஸ்கேனர் ஒன்று, கட்டு உடைந்துபோகாமல் மலரைப் பிரித்துப் பிடிக்கத் தெரிந்த ஆளும் ஒருவர்தான். அவர் தேத்தண்ணி குடிக்கப் போனால் நாலு கணினியும் பார்த்துக்கொண்டு நிற்கும்.